மார்பகப் படம் கூறும் எண்கள்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வழியில், சுதுகங்கைப் பள்ளத்தாக்கில், மிளகும் கொக்கோவும் சூழ அமைந்துள்ள ஊர் உக்குவளை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அண்டை அயலவராக வாழும் அவ்வூரிலிருந்து எல்கடுவைப் பக்கமாக மேலே ஏறினால் தேயிலைத் தோட்டங்கள் தென்படும். அப்பகுதியில் ஒரு வீட்டை உதாரணமாகக் கொள்வோம். தாய்க்கு வயது 45. சுகவனிதையர் சிகிச்சை நிலையத்தில் அவரைப் பரிசோதித்த வைத்தியர், இடது மார்பில் ஏதோ கைக்குத் தட்டுப்படுகிறதெனக் கூறிப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புகிறார். அங்கே படம் எடுக்கப்படுகிறது, ஸ்கான் செய்யப்படுகிறது. சில நாட்களின் பின் ஓர் அறிக்கை கைக்கு வருகிறது. அது முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

அவ்வீட்டில் ஆங்கிலம் அறிந்தவள் உயர்தர வகுப்பிற் பயிலும் மகள் ஒருத்தியே. அகராதியைப் புரட்டிப் புரட்டி அவள் படிக்கிறாள். விளங்காத சொற்கள் பல கடந்தபின், அறிக்கையின் அடியில், “பைராட்ஸ் 4ஏ” என்ற முடிவு காணப்படுகிறது. நாலாம் கட்டப் புற்றுநோய் என்றால் என்னவென்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். அயல்வீட்டு ஆச்சி ஒருவரைப் பற்றி அவ்வாறுதான் பேசிக்கொண்டார்கள். தகப்பனிடம் சொல்கிறாள். “அம்மாவிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம் பிள்ளை, தீபாவளி போகட்டும்” என்கிறார் அவர். அறிக்கை அலுமாரியில் சேலைகளுக்கடியிற் போய்விடுகிறது. அதில் எழுதியிருந்த அடுத்த பரிசோதனைக்கான ஆலோசனையும் அதனுடன் போய்விடுகிறது.

வீடு நமது கற்பனையே. அங்கு நேர்ந்த மயக்கமோ கற்பனையன்று. மார்பகப் பரிசோதனையின் அறிக்கையிலுள்ள எண்ணை நோயின் கட்டமாகப் படிப்பது, படித்தவரிடையேயும் பரவலாகக் காணப்படும் தவறு. அந்த எண் நோய் எவ்வளவு முற்றிவிட்டது என்பதைக் கூறுவதன்று. படத்தைப் பார்த்தவருக்கு எவ்வளவு சந்தேகம் உண்டு, இனிச் செய்யவேண்டியது யாது என்பவற்றையே அது கூறுகின்றது. மேற்சொன்ன தாயின் அறிக்கையில் இருந்த 4ஏ என்பதற்கு, அத்தகைய நூறு பேரில் தொண்ணூறு பேருக்கேனும் புற்றுநோய் இராது என்பதே பொருள். இதனை அறியாமல் அக்குடும்பம் அடைந்த துயரம் வீண் துயரம். அதனினும் கொடியது, மீதிப் பத்துப் பேருள் ஒருவராக அத்தாய் இருந்துவிட்டால், அலுமாரிக்குள் கழிந்த அந்த வாரங்கள்.

இப்பரிசோதனைகள் யாவை, அவை எவற்றைக் காட்டும், எவற்றைக் காட்டா என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

படம் பிறந்த கதை

எக்ஸ்ரே கதிர்களை ரொண்ட்ஜென் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி கண்டுபிடித்தது 1895ஆம் ஆண்டில். அதற்குப் பதினெட்டு ஆண்டுகளின் பின், 1913இல், பெர்லின் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் அல்பேர்ட் சாலமன், நோயின் பொருட்டு அறுத்தகற்றப்பட்ட ஏறக்குறைய 3000 மார்பகங்களை எக்ஸ்ரே படம் பிடித்து ஆராய்ந்தார். புற்றுநோய்க்கும் சாதாரணக் கட்டிக்கும் படத்தில் வேறுபாடு தோன்றுவதை அவர் கண்டார். ஆயினும் உயிருடன் இருக்கும் பெண்ணின் மார்பகத்தைத் தெளிவாகப் படம் பிடிப்பது நெடுங்காலம் இயலாதிருந்தது. எலும்பைக் காட்டும் கதிருக்கு மென்மையான தசையுள் வேற்றுமை காண்பது எளிதன்று. உருகுவே நாட்டு வைத்தியர் ரவுல் லெபோர்ன், மார்பகத்தை அழுத்திப் பிடித்துப் படமெடுத்தாற் தெளிவு கூடும் என்பதையும், மணல்போன்ற நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதையும் 1950ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் எடுத்துக்காட்டினார். 1960இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ரொபேர்ட் ஈகன், எவரும் கற்றுச் செய்யக்கூடிய ஒரு முறையை வகுத்து வெளியிட்டார்.

கட்டி கைக்குத் தட்டுப்படுமுன்பே படத்தினாற் கண்டுபிடித்தால் உயிர்கள் மிஞ்சுமா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. அதற்கு விடைகாண முனைந்தோருள் ஒருவர் நியூயோர்க் வைத்தியர் பிலிப் ஸ்ட்ராக்ஸ். தம் மனைவியை இந்நோய்க்கே பறிகொடுத்தவர் அவர். 1963ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய அந்த ஆராய்ச்சியில் ஏறக்குறைய 62,000 பெண்கள் இரு பிரிவாக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் படமும் வைத்தியப் பரிசோதனையும் அளிக்கப்பட்டன. மற்றப் பிரிவினர் வழக்கமான சிகிச்சையுடன் விடப்பட்டனர். பத்தாண்டுகளின் பின் எண்ணிப் பார்த்தபோது, முதற் பிரிவில் மார்பகப் புற்றுநோயால் நேர்ந்த மரணங்கள் கால்பங்குக்கு மேல் குறைந்திருந்தன. மாமோகிராம் என்னும் இப்படம் உலகெங்கும் பரவியதற்கு அந்த எண்களே முதற் காரணம் எனலாம்.

படமெடுக்கும் அறையில்

படம் எடுக்கச் செல்லும் நாளில் அக்குளிலும் மார்பிலும் பவுடர், வாசனைத் திரவியம் முதலியன பூசலாகாது. அவற்றிலுள்ள துகள்கள் படத்தில் வெண்புள்ளிகளாக விழுந்து, சுண்ணாம்புப் புள்ளியோ என்ற ஐயத்தை எழுப்பிவிடும். மாதவிடாய் முடிந்த அடுத்த வாரம் ஏற்றது. அப்போது மார்பில் நோவு குறைவாக இருக்கும். கழுத்து நகைகளையும் கழற்ற வேண்டிவரும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதோர் அதனை வேறு எவ்வாறு ஒதுக்கலாம் என்று படமெடுப்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நன்று. கூச்சத்தினாலேயே பரிசோதனையைத் தவிர்க்கும் தாய்மார் நம்மிடையே பலர். ஒரு பெண் உத்தியோகத்தர் உடனிருக்க வேண்டுமென்று கேட்பதில் எவ்விதத் தவறும் இல்லை.

மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையில் வைத்து அழுத்துவார்கள். சிலருக்கு வலிக்கும், ஆயின் அழுத்தம் சில விநாடிகளே. அழுத்துவதால் உள்ளிருக்கும் இழையங்கள் பரந்து ஒன்றன்மேல் ஒன்று மறையாமல் தெரியும். குறைந்த கதிரே போதுமானதாகும். ஒவ்வொரு மார்பிலும் மேலிருந்து ஒன்றும் சாய்வாக ஒன்றுமாக, வழக்கமாக நான்கு படங்கள். இதனால் உடலிற் சேரும் கதிரின் அளவு, நாம் வீட்டிலிருந்தாலும் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஏறக்குறைய ஏழு வாரங்களில் நம்மை வந்தடையும் இயற்கைக் கதிரின் அளவேயாகும். “படம் எடுத்தாலே புற்றுநோய் வரும்” என்று அஞ்சுவோர் இதனை மனதிற் கொள்வார்களாக.

படத்தில் கொழுப்பு இழையம் கருமையாகவும், பாற்சுரப்பிகளும் நாரிழையமும் வெண்மையாகவும் தோன்றும். இடர்ப்பாடு என்னவெனில், புற்றுநோய்க் கட்டியும் வெண்மையாகவே தோன்றும். கொழுப்பு மிகுந்த மார்பில் அது கரும்பலகையிற் சுண்ணக்கட்டிக் கோடுபோல் எடுபடும். சுரப்பி இழையம் அடர்ந்த மார்பிலோ, இலவம்பஞ்சினுள் விழுந்த வெள்ளை நூல்துண்டைத் தேடுவது போலாகும். அதனாற்றான் அறிக்கைகளில் இழைய அடர்த்தியையும் ஏ, பி, சி, டி என நான்கு வகையாகக் குறிப்பிடுகின்றனர். சி, டி என்பன அடர்ந்த மார்பகங்கள். நாற்பது வயதைக் கடந்த பெண்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு இவ்வாறே உள்ளது. இளவயதினரிடம் இன்னும் மிகுதி. அடர்த்தி ஒரு நோயன்று. நோய் வரும் வாய்ப்பை அது ஓரளவு கூட்டுவது உண்மை. அதைவிட முக்கியம், நோயைப் படத்திலிருந்து மறைக்கக்கூடியது என்பது. அமெரிக்காவில் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளது மார்பக அடர்த்தியை அறிவித்தே ஆகவேண்டுமென 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் விதி நடைமுறையில் உள்ளது. நம் நாட்டுப் பெண்கள் அதனைத் தாமே கேட்டறியலாம்.

அடர்த்தியான மார்புக்கும், இளம் பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் கைகொடுப்பது ஸ்கான். இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காதுக்குக் கேளாத ஒலியலைகளே பயன்படுகின்றன. தட்டுப்படும் கட்டி நீர் நிறைந்த பையா, திண்மையான கட்டியா என்பதை அது உடனே சொல்லிவிடும். நீர்க்கட்டிகளிற் பெரும்பாலானவை அஞ்சத்தக்கன அல்ல. நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளைக் காண்பதில் ஸ்கான் பின்தங்கியது. ஆகவே படமும் ஸ்கானும் ஒன்றுக்கொன்று துணையே தவிர, ஒன்று மற்றதற்கு ஈடாகாது. “படம் எடுத்தாயிற்று, ஸ்கான் எதற்கு, காசு பறிக்கவா?” என்று கேட்போருக்கு இதுவே மறுமொழி. எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் பரிசோதனையும் உண்டு. மரபு வழியாக நோய் வரும் வாய்ப்பு மிகுந்தவர்களுக்கும் சில விசேட நிலைமைகளுக்குமே அது வேண்டப்படுகிறது.

எண்களின் பொருள்

இனி அந்த எண்களுக்கு வருவோம். முற்காலத்தில் படத்தைப் பார்த்த ஒவ்வொரு நிபுணரும் தத்தம் நடையில் அறிக்கை எழுதினர். படித்த வைத்தியருக்கே, கட்டியை அறுப்பதா விடுவதா என்பது விளங்காமற் போவதுண்டு. இந்தக் குழப்பத்தை நீக்கும் பொருட்டு அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 1990களின் தொடக்கத்தில் ஓர் ஒழுங்கை வகுத்தது. அதன் பெயரே பைராட்ஸ். இன்று பல நாடுகளில், இலங்கையிலும், அறிக்கைகளில் இப்பெயர் காணப்படுகிறது. பூச்சியம் முதல் ஆறு வரை ஏழு வகைகள் இதில் உண்டு.

பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை என்று பொருளன்று. முடிவு சொல்ல இப்படம் போதாது என்று பொருள். இன்னுமொரு கோணத்திற் படமோ, ஸ்கானோ, பழைய படத்துடன் ஒப்பிடுதலோ வேண்டும். அமெரிக்க அனுபவப்படி, அறிகுறியின்றிப் படமெடுக்க வரும் நூறு பெண்களில் ஏறக்குறையப் பத்துப் பேர் இவ்வாறு மீண்டும் அழைக்கப்படுகின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயின்றி வீடு திரும்புகின்றனர். மீண்டும் வரச் சொன்னார்கள் என்றதும் அழத் தொடங்க வேண்டியதில்லை. பூச்சியந்தானே என்று வீட்டிலிருந்துவிடவும் கூடாது.

ஒன்றும் இரண்டும் நிம்மதி தருவன. ஒன்றில் குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை. இரண்டில் ஏதோ உண்டு, அது தீங்கற்றது என்பது உறுதி.

மூன்றாம் வகையே குடும்பங்களைக் குழப்புவது. “அனேகமாகத் தீங்கற்றது” என்பது இதன் பொருள். நூறில் இருவருக்கு மேல் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பில்லை. அவ்வளவு சிறிய ஐயத்துக்காக எல்லோரையும் ஊசியால் துளைப்பது முறையன்று. அடியோடு மறந்துவிடுவதும் முறையன்று. ஆகவே ஆறு மாதங்களில் மீண்டும் பார்க்கச் சொல்கின்றனர். பின்னரும் குறித்த இடைவெளிகளிற் பார்த்து, இரண்டாண்டு வரை மாற்றம் எதுவும் இல்லையெனில் தீங்கற்றதென முடிவு கட்டுகின்றனர். நம் வீடுகளில் ஆறு மாதம் என்பது மிளகு பறிப்பும், திருவிழாவும், பிள்ளையின் பரீட்சையும் வந்துபோகும் காலம். அத்தவணையை மறந்துவிட்டால் மூன்றாம் வகைக்கு இருந்த பாதுகாப்பே போய்விடுகிறது. நாட்காட்டியில் அந்நாளைச் சிவப்பு மையினாற் குறித்து வைக்கும் பொறுப்பைப் பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம் என்பது நம் யோசனை.

நான்காம் வகை அகலமானது. நூறில் இருவருக்குச் சற்று மேல் தொடங்கி, தொண்ணூற்றைந்து வரையுள்ள ஐயம் அனைத்தும் இதனுள் அடங்கும். அதனாற்றான் அதனை மூன்றாகப் பிரித்தனர். 4ஏ என்றால் நூறில் இரண்டு முதல் பத்து வரை. 4பி என்றால் பத்து முதல் ஐம்பது வரை. 4சி என்றால் ஐம்பதுக்கு மேல். நான்கு என்ற எண்ணைக் காணின், அதனருகே ஏ, பி, சி என்பவற்றுள் எது இருக்கிறதென்று பார்க்க வேண்டும். எழுதப்படவில்லையெனின் வைத்தியரைக் கேட்க வேண்டும். எதுவாயினும் மூன்றுக்கும் அடுத்த படி ஒன்றே: கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தல். ஐந்து என்பது ஐயம் தொண்ணூற்றைந்தும் அதற்கு மேலும். ஆறு என்பது ஏற்கெனவே துண்டுப் பரிசோதனையால் நோய் உறுதியானவரின் படத்துக்கு இடப்படுவது.

நோயின் கட்டம் என்பதோ முற்றிலும் வேறான கணக்கு. துண்டுப் பரிசோதனையில் புற்றுநோய் என்று உறுதியான பின்னரே, கட்டியின் பருமன், அக்குள் நிணநீர்க் கணுக்களின் நிலை, உடலின் வேறிடங்களுக்குப் பரவியதா என்பன கொண்டு அது தீர்மானிக்கப்படும். அங்கே பூச்சியம் என்றால் பாற்கானை விட்டு வெளியேறாத மிக ஆரம்ப நிலைப் புற்றுநோய். இங்கே பூச்சியம் என்றால் முடிவு கூற இயலாத படம். ஒரே எண்கள் இரு கணக்கிலும் வருவது நோயாளிகளின் துரதிர்ஷ்டம் என்றே நமக்குத் தோன்றுகிறது. பெயரிட்டவர்கள் சற்று யோசித்து எழுத்துக்களை இட்டிருக்கலாம்!

ஊசிக்கு அஞ்சுதல்

துண்டுப் பரிசோதனையைப் பயொப்சி என்பர். இடத்தை மரக்கச் செய்து, ஸ்கானின் துணையோடு சற்றுத் தடித்த ஊசி ஒன்றைச் செலுத்தி நூல்போன்ற துண்டுகளை எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். “கட்டியில் ஊசி பட்டால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும்” என்ற பேச்சு தோட்டத்து லயங்களிலும் உண்டு, பட்டணத்து மாடிவீடுகளிலும் உண்டு. ஊசிப் பரிசோதனையால் நோயாளியின் ஆயுள் குறைகிறது என்று எந்த ஆராய்ச்சியும் காட்டவில்லை. மாறாக, ஊசியால் உறுதிசெய்யாமல் கத்தியை எடுப்பதையே இன்றைய சத்திரசிகிச்சை நிபுணர்கள் இயன்றவரை தவிர்க்கின்றனர். துண்டை ஆராய்வதால் நோய் உண்டா என்பதுடன், அது எவ்வகை, எம்மருந்துக்குப் பணியும் என்பனவும் தெரியவருகின்றன.

இன்னுமொரு செய்தியை அழுத்திக் கூற வேண்டும். மாமோகிராம் புற்றுநோய்களில் ஏறக்குறைய எட்டில் ஒன்றைத் தவறவிடுகிறது. ஆதலின், கைக்குக் கட்டி தட்டுப்படுகையில், “படம் சுத்தமாக இருக்கிறது” என்ற அறிக்கையோடு திருப்தியடைந்து வீட்டிலிருப்பது அறிவுடைமையன்று. கட்டி ஏன் உண்டானது என்பதற்கு விடை கிடைக்கும்வரை வைத்தியரை விடாது கேட்க வேண்டும். புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. தோல் குழிவிழுதல், தோடம்பழத் தோல்போல் தடித்தல், முலைக்காம்பு புதிதாக உள்வாங்குதல், அதிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியனவும் உடனே காட்டவேண்டிய அறிகுறிகள். நூறில் ஒருவர் என்ற அளவில் ஆண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு.

உக்குவளைப் பெண் எங்கே செல்வது?

இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வகிப்பது இதுவே. அப்படியிருந்தும், அமெரிக்காவிற் பரிந்துரைக்கப்படுவதுபோல 40 வயது முதல் 74 வயது வரை ஈராண்டுக்கொருமுறை எல்லாப் பெண்களுக்கும் படம் எடுக்கும் திட்டம் இங்கில்லை. அதற்கு வேண்டிய கருவிகளும் நிபுணர்களும் ஒரு சிறு நாட்டுக்கு எளிதில் கிடைப்பனவல்ல. அதற்கு மாறாக நம்மிடம் உள்ளது 1996ஆம் ஆண்டில் தொடங்கிய சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள்தோறும் நடைபெறும் இவற்றில், 35 வயதினரும் 45 வயதினரும் முக்கியமாக அழைக்கப்பட்டு, கருப்பைக் கழுத்துப் பரிசோதனையோடு மார்பகமும் கையினாற் பரிசோதிக்கப்படுகிறது. கட்டணம் கிடையாது. உக்குவளைப் பெண் ஒருத்தி தன் பகுதி மருத்துவமாதுவைக் கேட்டால், அடுத்த நிலையம் எந்நாளில் எவ்விடத்தில் என்பதை அறியலாம். கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு அந்த ஒருநாட் சம்பளம் பெரிதுதான். அதனை நாம் இலேசாகப் பேசவில்லை. ஆயினும் பத்து ஆண்டுகளுக்கு ஒருநாள் என்ற கணக்கில் அதனை எண்ணிப் பார்க்கலாம். இருபது வயது முதல் மாதம் ஒருமுறை தானே தன் மார்பைக் கவனித்துக்கொள்ளும் பழக்கத்தையும் சுகாதாரப் பகுதியினர் வலியுறுத்துகின்றனர்.

சந்தேகம் ஏற்பட்டால் அனுப்பப்படும் இடம் பெரிய வைத்தியசாலை. நோய் உறுதியாயின் மலைநாட்டினர் கொழும்புவரை செல்லவேண்டும் என்ற நிலை இன்றில்லை. கண்டி தேசிய வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இயங்குகின்றது. 1958 முதல் சிகிச்சை அளித்துவரும் மகரகம வைத்தியசாலை, இன்று அபேக்ஷா என்னும் பெயருடன், நாட்டின் தலைமை நிலையமாக விளங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முயற்சியில் ஒரு காலவரையறையைக் குறிப்பிடுகின்றது: பெண் ஒருத்தி முதன்முதலில் வைத்தியரிடம் கட்டியைக் காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள், அது என்னவென்று உறுதிப்பட வேண்டும். அரசாங்க வைத்தியசாலைக்கு மட்டுமன்றி, தீபாவளி போகட்டும் என்று சொல்லும் வீட்டுக்காரருக்கும் அந்த 60 நாட்கள் ஓர் அளவுகோலாகலாம்.

வைத்தியரின் அறையிலிருந்து எழுமுன் மூன்றே கேள்விகளைக் கேட்டு, விடைகளைத் தமிழில் ஓர் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கையின் வகை எண் என்ன, அடுத்த பரிசோதனை என்ன, அது எந்தத் தேதியில்? மொழி விளங்காவிடில், விளங்கும் தாதி ஒருவரை அழைக்கும்படி கேட்கலாம். எடுத்த படங்களையும் தட்டுகளையும் அறிக்கைகளையும் ஒருபோதும் எறிந்துவிட வேண்டாம். அடுத்த முறை செல்லும்போது ஆண்டு வரிசையில் ஒரே உறையிலிட்டுக் கொண்டுசெல்லுங்கள். இரண்டாண்டுக்கு முன் எடுத்த படத்திலும் அதே நிழல் அதே பருமனில் இருந்ததென்று கண்டால், நிபுணர் பல வேளைகளில் ஊசியை எடுக்காமலே அனுப்பிவிடுவார்.